அரை மணி நேரம் கழியட்டும்

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய்ப் புண். ஆரியசாலைக் கடைகளுக்குப் பின்னால் உள்ள எங்கள் வீட்டுக்கு, வாரம் இரண்டு நாள் வலி தணிக்கும் பாலியேட்டிவ் நர்சுகளின் வண்டி வந்து கட்டு மாற்றிவிட்டுப் போகும். கட்டைப் பிரிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே மார்ஃபின் மாத்திரை கொடுத்துவிட வேண்டும் என்று மூத்த சிஸ்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். பதினொரு மணிக்கு வருவார்கள்; பத்தரைக்குக் கொடுத்துவிடுவேன்.

அன்று பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். சிஸ்டரோடு பயிற்சி நர்சுகள் மூன்று பேர். சிஸ்டர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெண் நோட்டோடு கட்டில் அருகே உட்கார்ந்தாள்.

“அம்மா, வேதனைக்குப் பத்து மார்க்குன்னா இப்போ எத்தனை?”

“ரெண்டு இரிக்கும் மக்களே. நீ செய்யி. எல்லாரும் சாயா குடிச்சியளா?”

அந்தப் பெண் இரண்டு என்று எழுதிக்கொண்டு கையுறையை எடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் வலிக்கிறது என்று சொல்வது என் மனைவிக்கு மரியாதைக்குறைவு. எங்கள் ஆட்கள் அப்படித்தான். டாக்டர் கேட்டாலும் ‘சாரமில்லை’, பரவாயில்லை என்போம். போர்வைக்கு வெளியே அவள் கால்விரல்கள் இறுக மடங்கியிருந்தன.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். கடையில் முதலாளி கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவேன். அன்று கட்டிலுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டேன்.

“தொடப்பிடாது. மருந்து குடுக்கல்ல. குடுத்து அரமணிக்கூர் கழியட்டும்.”

“சேட்டா, ரெண்டுன்னு அம்மாதானே சொன்னாங்க? பேஷன்ட் சொல்றதுதான் கணக்குன்னு கிளாஸ்ல படிச்சோம். இன்னும் நாலு வீடு உண்டு.”

“அவ பொய் சொல்லுகா. எட்டு.”

“நீங்க ஒண்ணு சும்மா இரிங்க,” என்றாள் மனைவி. “வந்த பிள்ளைகளுக்க முன்ன மானத்த வாங்காதீங்க.”

அந்த நாலு வீட்டிலும் வலியோடு ஒருவர் காத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் நகரவில்லை. சத்தம் கேட்டு சிஸ்டர் உள்ளே வந்தார். யாரையும் திட்டவில்லை.

“கையைத் தூக்கச் சொல்லிப் பாத்தியா, மோளே?”

அந்தப் பெண் சொன்னாள். மனைவி சிரித்துக்கொண்டே தூக்கினாள். ஒரு சாண் உயர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது; நெற்றி வேர்த்தது.

“மாத்திரை கொடுங்க சேட்டா,” என்றார் சிஸ்டர். மற்றவர்களைப் பார்த்து, “எல்லாரும் தரையில இரிங்க. இன்னைக்குக் கிளாஸ் இங்கதான்.”

வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தார். அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணிடம் ஊர் எது என்று கேட்டாள்; மலைப்பக்கம், வித்துரா என்றதும், “அட்ட கடிக்குமேடி! செருப்புக்குள்ள உப்பு போட்டுக்கிட்டா நடப்பிய?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நேரம் ஆனதும் கட்டைப் பிரித்தார்கள். புண்ணில் ஒட்டியிருந்த கடைசித் துணி வந்தபோதும் அவள் பேச்சு நிற்கவில்லை.

வண்டி போனதும் ஆரம்பித்தாள்.

“ஆளு கூடுன இடத்துல என்னைப் பொய்க்காரி ஆக்கியாச்சு. சந்தோசமா?”

“நீ உள்ளதச் சொல்லுத வரைக்கும் நான் சொல்லுவேன்,” என்றேன். “எவரு வந்தாலும் சொல்லுவேன்.”