ரத்னம்மா அக்கா காட்டிய இடம்

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. "ரத்னம்மா கம்பெனி பஸ் ஏறும்போது விழுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ளயே போயிட்டாங்க" என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார். நெஞ்சுவலி. கையிலிருந்ததை வைத்துவிட்டு வெளியே போனேன்; உடனே உள்ளே வந்தேன்; மறுபடி வெளியே போனேன். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இன்னும் முடியவில்லை.

ஓசூரில் நம் லைனில் நின்றவர்களுக்கு அவர், பதினாறு வருடம் பிரேக் பாகங்களைச் சோதித்து அனுப்பிய ரத்னம்மா. வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், நம்மிடம் தமிழ். ஞாயிற்றுக்கிழமைகளில் கெலவரப்பள்ளி அணையோரச் சேற்றில், மண்நிறத் துணியைப் போர்த்திக்கொண்டு, பழைய கேமராவோடு குப்புறப் படுத்திருப்பார் என்பது சிலருக்கே தெரியும். ஆள் வாடை பட்டால் நாணலுக்குள் மறைந்துவிடும் பறவைகள்தான் அவருக்கு வேண்டும்.

என்னை முதன்முதலில் கூட்டிப்போன அன்று, கொசு கடித்ததென்று கையை உதறினேன். நாணலிலிருந்து தலைநீட்டிய மயில் உள்ளான் பறவை சட்டென்று மறைந்தது. துணிக்குள்ளிருந்தே சொன்னார்: "உடம்பத்தான் மூடியிருக்க தம்பி. அவசரத்த மூடலியே."

அடுத்த மாதம் அதன் கூட்டைக் காட்டினார். நான்கு முட்டைகள். "இதுல ஆம்பளதான் அடைகாக்கும். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா நம்பமாட்டேங்கறாரு" என்று சத்தமில்லாமல் சிரித்தார்.

நான் செய்ததை இங்கே எழுதியாக வேண்டும். கூட்டைப் படமெடுத்து, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். கேட்டவர்களுக்கு இடத்தையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு அங்கே ஏழு பைக்குகள் நின்றன. படம் தெளிவாக விழவேண்டுமென்று யாரோ நாணலை வெட்டியிருந்தார்கள். பறவை திரும்பி வரவில்லை. முட்டைகளைக் காக்கை கொத்திப்போயிருந்தது.

"கோவமாக்கா?"

"கோவமெல்லாம் இல்லப்பா. ஆனா இனிமே உங்கிட்ட இடம் சொல்லமாட்டேன்."

ஒரு வருடம் சொல்லவில்லை. டீ நேரத்தில் மகளின் கல்லூரி, தன் இடுப்புவலி எல்லாம் பேசுவார். பறவை என்று நான் ஆரம்பித்தால் டம்ளரைக் கழுவ எழுந்துவிடுவார்.

அவர் போவதற்கு ஒன்பது நாள் முன், ஞாயிறு விடிகாலையில் போனில் ஒரு லொகேஷன் வந்தது. கீழே, "வா. பேசாத." போனேன். இரண்டு மணி நேரம் படுத்திருந்தோம். முழங்கை மரத்துப்போனது. பிறகு ஆண் உள்ளான் ஒன்று மூன்று குஞ்சுகளோடு ஆறடி தூரத்தில் வந்து மேய்ந்தது. நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். அவை போன பிறகுதான் கவனித்தேன்: காற்றில் என் போர்வை படபடக்காதபடி அக்கா அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு படமும் எடுக்கவில்லை.

திரும்பும்போது, மன்னித்துவிட்டீர்களா என்ற கேள்வி வாய்வரை வந்தது. அடுத்த ஞாயிறு கேட்கலாமென்று விட்டேன். அந்த ஞாயிறு எனக்கு ஓவர்டைம். அதுதான் என்னை உட்காரவிடாமல் அலைக்கழிக்கிறது.

அடக்கம் முடிந்து வரும்போது குழுவிலிருந்து ஒருவர் கேட்டார்: "அக்கா கடைசியா எந்தப் பக்கம் போய்ட்டிருந்தாங்க? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியாதுங்க" என்றேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த இடம்தான். அக்காவை நேசித்த உங்களிடமும் அதைச் சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.