தலைக்கு வச்ச கவசம்

எங்க அண்ணி களிமண்ணைத் தடவுறதைப் பாத்தா, தூங்குற குழந்தைக்குப் போர்வை சரி பண்றாங்களோன்னு தோணும். குண்டு துளைக்காத கவசம் தைக்கிற கம்பெனியில ரெண்டு பேருக்கும் வேலை. நான் தையல், அண்ணி சோதனை அறை. ஒரு பெட்டி நிறைய களிமண்ணை லேசா சூடாக்கி, வழவழன்னு சமன் பண்ணி, அதுமேல கவசத்தைக் கட்டுவாங்க. அந்தக் களிமண்தான் மனுஷ நெஞ்சு. தடுப்புக்கு அந்தாண்ட இருந்து சுட்டப்புறம், கவசத்தை அவிழ்த்துக் களிமண்ணுல விழுந்த பள்ளத்தை அளக்கிறதும் அண்ணிதான்.

உள்ள வெறும் துணிதான்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. அடுக்கடுக்கா துணி. ஒவ்வொண்ணா கிழிச்சுட்டு வர்றதுக்குள்ள குண்டோட மூக்கு சப்பையாகிடும். நூலெல்லாம் சேர்ந்து இழுத்துப் புடிச்சு அடியை நாலாபக்கமும் பரப்பிடும். கோல் போஸ்ட் வலையில பந்து விழுற மாதிரி. வலை பின்னால துருத்துமில்ல, அதான் பள்ளம். உயிர் தப்பும், வலி தப்பாது.

எங்க அண்ணன் பேங்க்குக்குப் பணம் கொண்டுபோற வண்டியில காவலாளி. மகாராசன்! வண்டியை விட்டு இறங்குறப்போ மட்டும்தான் கவசம் மாட்டுவான். மத்த நேரம் ரெண்டா மடிச்சு தலைக்கு வச்சுக்கிட்டுக் குறட்டை.

"மடிக்காதீங்க, மடிக்கிற எடத்துல நூல் நொந்துபோகும்"னு அண்ணி தலைதலையா அடிச்சுப்பாங்க.

"நொந்தா உனக்கென்னடி, நீயா சுடப்போற?"ம்பான். செவிடன் காதுல ஊதின சங்குதான்.

அண்ணி பேசிட்டு இருக்கும்போதே எங்கயோ போயிடுவாங்க. மேசையில சிந்தின தண்ணியைக் கட்டைவிரலால தடவிட்டே இருப்பாங்க. "அண்ணி, எங்க இருக்கீங்க?"ன்னா, "உங்க அண்ணன் நெஞ்சுல"ம்பாங்க. நான் சிரிப்பேன்.

காலாவதியான கவசங்களும் எங்ககிட்டயே திரும்பி வரும். சிலதைச் சுட்டுப் பாத்துட்டு அழிச்சிடுவோம். ஒரு நாள் வந்த கட்டுல அண்ணனோடது இருந்துச்சு. தோள்ல பிஞ்ச எடத்தை அண்ணியே நீல நூலால தச்சிருந்தாங்க, அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சோம். அண்ணனுக்குத்தான் புதுசு குடுத்தாச்சே. "இதை வேற யாராவது சோதிக்கட்டும் அண்ணி"ன்னேன். காதுல விழல. அன்னிக்குக் களிமண்ணை ரொம்ப நேரம் தடவினாங்க.

முதல் குண்டு நின்னுச்சு. அடுத்ததும் நின்னுச்சு. பள்ளம் சின்னதுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. அடுத்தது நடுவுல, மடிப்பு விழுந்த கோட்டுலயே பட்டுச்சு. அவிழ்த்துப் பாத்தா பள்ளம் இல்ல, ஓட்டை. அண்ணி ஆள்காட்டி விரலை விட்டாங்க. விரல் முழுசா உள்ள போயிடுச்சு. அடப்பாவி, இதைப் போட்டுக்கிட்டா இத்தனை நாள் இறங்கி நடந்தே?

வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, அண்ணன் தரையில தூங்குறான். தலைக்கடியில புதுக் கவசம், ரெண்டா மடிச்சு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓங்கி ஒரு உதை விட்டிருப்பேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. மெதுவா உக்காந்து, அவன் தலையைத் தூக்கிக் கவசத்தை உருவினாங்க, மடிப்பை நீவிப் பக்கத்துல விரிச்சாங்க, தலையைத் தன் மடியில வச்சுக்கிட்டாங்க. அப்புறம் நெஞ்சைத் தடவ ஆரம்பிச்சாங்க, களிமண்ணைத் தடவுற அதே மாதிரி. நடுவுல ஒரு எடத்துல விரல் நின்னுடுச்சு.

அண்ணன் முழிச்சான். "என்னடி, அழுவுறியா?"

"இன்னிக்கு உங்களைச் சுட்டோம்"னாங்க அண்ணி. "விரல் உள்ள போயிடுச்சுங்க."

அண்ணன் பக்கத்துல விரிச்சிருந்த கவசத்தைப் பாத்தான். அந்த விரலைப் புடிச்சு, அதே எடத்துல அழுத்தி வச்சுக்கிட்டான்.