பின்மண்டையில் காயம், முன்மூளையில் ரத்தக்கட்டு

“டாக்டரம்மா, எங்கய்யா மூளைய இன்னைக்கே வெட்டிப் பாத்துச் சொல்லிருங்க. நாந்தான் அடிச்சுக் கொன்னேன்னு ஊருல சொல்லுதாவ.”

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் மூளை, நரம்பு ஸ்பெசிமன்களை நான் பார்த்துவந்தபோது, லேப் வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் இசக்கிமுத்து. களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்ட வேலை. அவருடைய அப்பா சிமென்ட் வாய்க்கால் ஓரம் இறந்து கிடந்தார். பின்மண்டையில் காயம், எலும்பில் கீறல். உடம்பில் வேறு அடியோ கைகலப்புத் தடமோ இல்லை. முந்தின நாள் அப்பாவும் மகனும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கிறது. இறந்தவரின் தங்கை பேச்சியம்மாள், அண்ணன் மகன் என்றும் பாராமல் போலீசில் புகார் கொடுத்துவிட்டார். முடிவு தெரியும்வரை காரியத்தையும் தள்ளிவைத்திருந்தார்கள்.

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் மூளையை முழுதாக எங்களுக்கு அனுப்பி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். அடித்ததா, விழுந்ததா?

உடனே வெட்ட முடியாது. எடுத்த புதிதில் மூளை சரியாக உறையாத தயிர் மாதிரி இருக்கும். கத்தி பட்டால் குழைந்து தடயம் எல்லாம் கலைந்துவிடும். அதனால் மூளையின் அடியில் ஓடும் ரத்தக்குழாய்க்குக் கீழே ஒரு நூலைக் கொடுத்து, ஃபார்மலின் வாளியில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். வாளியின் தரையில் பட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். இரண்டு வாரமாவது தொங்கினால்தான் வெட்டும் பதத்துக்கு இறுகும். நான் பிறவி அவசரக்காரி. என்னை அடக்கிவைத்தது அந்த நூல்தான்.

“பொறுங்க. இன்னைக்கு வெட்டினா நஷ்டம் ஒங்களுக்குத்தான்” என்றேன்.

மனிதர் விடவில்லை. வாரத்தில் பாதி நாள் வாசலில் வந்து நிற்பார். “இறுகிட்டா டாக்டரம்மா?” உலையில் போட்ட அரிசியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்பார். முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு, எங்களுக்கு டீ வாங்கும்போது அவருக்கும் சேர்த்து வாங்கிவரச் சொல்லிவிட்டேன்.

வெட்டிப் பார்த்த அன்று, காயத்துக்கு நேர் உள்ளே மூளை சுத்தமாக இருந்தது. நெற்றிக்குப் பின்னாலும் இரண்டு நெற்றிப்பொட்டுகளுக்கு உள்ளேயும் ரத்தம் கட்டிக் கன்றியிருந்தது. அசையாத தலையில் கம்பால் அடித்தால், பெரும்பாலும் அடி விழுந்த இடத்துக்கு நேர் கீழேதான் கன்றும். ஆள் மல்லாக்க விழுந்து தலை தரையில் மோதினால் எதிர்ப்பக்கம் கன்றும். கான்ட்ராகூ என்போம். இவர் விழுந்துதான் இறந்திருக்கிறார்.

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் தினமும் நடக்கிற வழியில் ஒரு மனிதர் ஏன் மல்லாக்க விழ வேண்டும்? நடுமூளையைக் குறுக்காக வெட்டினேன். நல்ல மூளையில் அங்கே இரண்டு பக்கமும் மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை இருக்கும். இவருக்கு அது வெளுத்துக் கிடந்தது. மைக்ராஸ்கோப்பும் அதையே உறுதி செய்தது. பார்க்கின்சன் நோய். நடை சுருங்கும், உடம்பு இறுகும், தடுமாறினால் கால் தாங்கிப் பிடிக்காது. அவருக்கு அந்த நோய் இருந்தது யாருக்குமே தெரியாது.

அறிக்கை போன பிறகு இன்ஸ்பெக்டர் அத்தையையும் மருமகனையும் அழைத்துவந்தார். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கேஸ் இல்லை என்றதும் இசக்கிமுத்து முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை.

“அன்னைக்குச் சண்டையே அதாம் டாக்டரம்மா. வாழத்தாரு தூக்கக் கூப்பிட்டா பைய பைய வாராவ. வேணும்னே சோம்பேறித்தனம் பண்ணுதாவன்னு வஞ்சிட்டேன். அப்போ அவுகளால முடியலியா?”

“முடியல. நடக்கணும்னுதான் நெனச்சிருப்பாவ, காலு கேக்கல. நோயின்னு ஒங்களுக்கும் தெரியாது, அவுகளுக்கும் தெரியாது.”

அவர் தேம்பி அழுதார். பேச்சியம்மாள் அதுவரை அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“நானுந்தாம்லே சொன்னேன். ஏன்ணே இப்பிடி ஊர்ந்து ஊர்ந்து வாரேன்னு நானும்தான் வஞ்சேன்” என்று சொல்லி, சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தார். “எந்திலே. காரியத்துக்கு நாள் பாக்கணும். நீதாம்லே தண்ணி வைக்கணும்.”

இந்தத் துறைக்கு வரும் இளைய டாக்டர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். போலீஸ் கேட்டது, எப்படிச் செத்தார் என்று. அதற்கான பதில் இசக்கிமுத்துவை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றியது. அவர் அத்தையோடு வீட்டுக்குப் போனது, யாரும் கேட்காத கேள்விக்குக் கிடைத்த பதிலால். காயம் தெரிந்ததும் கத்தியைக் கழுவி வைத்துவிடாதீர்கள்.