மௌனமாம் மௌனம்!

"ஒரு கிலோ மத்தி! ஹம்ரி தெரு மிமூனாவுக்கு அவ புருஷன் கத்தூர் குடுக்குற சலாம்! தராசுல விரல் வைக்காத மீன்காரருக்கும் ஒரு சலாம்! அவரு பொண்டாட்டி புள்ளைங்களுக்கும் சலாம்!"

மீன்காரர் தராசிலிருந்து விரலை எடுத்துவிடுகிறார். வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கத்தூர் சிரிப்பதில்லை. பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போய் அங்கேயும் ஒரு சலாம் வைக்கிறார். மெதுவாகப் பேசுவது என்ற வித்தை அவருக்கு வாய்க்கவேயில்லை. ஒருமுறை டாக்டரிடம் தன் மூலவியாதியைப் பற்றி ரகசியமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தால், காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்களாம். துக்க வீட்டுக்குப் போகும்போது மனைவி மிமூனா அவரைத் தெருவிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்த்திவிடுவார்.

தொழில் அப்படி. அல்ஜீரியாவின் வஹ்ரான் நகரில் ராய் பாட்டுக் கச்சேரி இல்லாமல் கல்யாணம் இல்லை. கூவுகிறவர் இல்லாமல் ராய் கச்சேரி இல்லை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது ஒரு நோட்டை உயர்த்திக் காட்டுவார். மேளமும் கீபோர்டும் தணியும். கத்தூர் ஓடிப்போய் நோட்டை வாங்கி, காதோடு செய்தியைக் கேட்டு, மைக்கில் கூவுவார்: இன்னாரின் சலாம், இன்னாருக்கு! பாடகியும் அதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடர்வாள். சலாம் வாங்கியவர் கல்லாட்டம் உட்கார்ந்திருக்க முடியாது. பதிலுக்கு அவரும் ஒரு நோட்டை உயர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் மானம் போய்விடும். இரண்டு மைத்துனர்கள் இப்படி மாறி மாறி சலாம் வைத்துக்கொண்டதில் மணப்பெண் மேடையிலேயே தூங்கிப்போனதும் உண்டு. கோடையிலும் கத்தூரின் கழுத்தில் கம்பளித் துண்டு இருக்கும். பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். வியாழக்கிழமைகளில் அவர் தேதி கிடைக்காமல் கல்யாணத்தைத் தள்ளிவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஸுபேர், ஃபத்தூமா பாட்டு ஜோடி புகழோடு இருந்த காலத்தில் அவர்களுக்குக் கூவியவர் கத்தூர்தான். கச்சேரியில் மட்டுமல்ல, ஒலிப்பதிவுக் கூடத்திலும் அவர் கூடவே நிற்க வேண்டும். "கத்தூர் காக்கா கத்துனாத்தான் எனக்குப் பாட்டே வரும்" என்பாள் ஃபத்தூமா. கடைசிப் பாட்டுத் தொகுப்பைப் பாடி முடித்த அடுத்த மாதம், ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் தெமூஷென்ட் சாலையில் அவர்கள் கார் லாரியில் மோதியது. இரண்டு பேருமே போய்விட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து, ஃபெத்தி என்கிற கேசட் கம்பெனி முதலாளி அந்தத் தொகுப்பை வெளியிட்டார். பாரிஸ் வானொலியில் போடவேண்டுமென்றால் இந்த நாட்டுப்புறக் கூச்சல் ஆகாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கத்தூரின் குரலை ஒன்று விடாமல் வழித்தெடுத்துவிட்டார். கூவல் இருந்த இடங்களில் மேளம் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். உப்பில்லாத கூஸ்கூஸ் என்றார்கள், செத்தவர்களைச் சுரண்டித் தின்கிற வேலை என்றார்கள். ஹம்ரி தெருவில் ஒருவர் குறுந்தகட்டை அத்திமரத்தில் கட்டிப் பறவை விரட்டினார். அப்போதெல்லாம் கத்தூருக்கு இரவில் நல்ல தூக்கம் வந்தது. ஊரே தன் பக்கம் இருந்ததல்லவா!

பன்னிரண்டு வருஷம் போயிற்று. இப்போது ஊர் கட்சி மாறிவிட்டது. ரசிகர் குழுவை நடத்துகிற அனீஸ், கல்லூரி வாத்தியார், நல்ல பையன்தான். அவன் ஒரு நீளமான கட்டுரை எழுதினான். ஸுபேரும் ஃபத்தூமாவும் தங்கள் சாவை முன்கூட்டியே உணர்ந்திருந்தார்களாம். பாட்டுக்கு நடுவே அதற்காகத்தான் இடம் விட்டுப் பாடினார்களாம். கடைசிப் பாட்டில் நீண்ட மௌனத்துக்குப் பிறகு ஃபத்தூமா "ஆமா, ஆமா" என்று முனகுகிறாளே, அது மரணத்துக்குச் சொன்ன சம்மதமாம். ஆயிரக்கணக்கான பேர் அதைப் படித்துக் கண்ணீர் விட்டார்கள். அத்திமரத்துக்காரர்கூட, 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்று எழுதினார். இவ்வளவு கூசாமல் பேச எப்படித்தான் வாய் வருகிறதோ!

முடிதிருத்தும் கடையில் யாரோ அந்தக் கட்டுரையை உரக்கப் படித்தபோது கத்தூர் பாதி தாடி நுரையோடு எழுந்துவிட்டார்.

"மௌனமாம் மௌனம்! டேய், அது மௌனம் இல்லடா, நான்!"

அதே நுரையோடு அனீஸைத் தேடிப் போனார். அவன் மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டான்.

"சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க. உங்க குரல் இருந்திருந்தா அது இன்னொரு கல்யாணப் பாட்டு. இல்லாததாலதான் அது கலை ஆச்சு."

"அப்ப என் நாக்க அறுத்தவன் கலைஞனா?"

"அப்படி இல்ல சித்தப்பா. அவங்க என்ன நெனச்சாங்கங்கிறத விட, கேக்குறவங்களுக்கு என்ன தோணுதுங்கிறதுதான்..."

"உனக்குத் தோணுறதெல்லாம் உன் வீட்டுல வச்சுக்க. அவ 'ஆமா'ன்னது சாவுக்கு இல்ல. எனக்கு! நான் கூவினதுக்கு!"

வீட்டில் மிமூனாவும் விடவில்லை. "உங்க சத்தம் இல்லாத ஒரே ஒரு எடம் அந்தத் தட்டுதான். நானும் கேட்டேன், நல்லாத்தான் இருக்கு."

வெறும் வீறாப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கத்தூருக்கு வீறாப்பு இல்லையென்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் நெஞ்சில் முள்ளாக நின்றது வேறு.

ஃபத்தூமாவின் தாய் ஹஜ்ஜிம்மா ஸுலைகா, மகள் ஆண்களுக்கு முன்னால் பாட ஆரம்பித்த நாளிலிருந்து அவள் முகத்தில் முழிக்கவில்லை. பெருநாளைக்கு மகள் பலகாரத்தோடு வந்து கதவைத் தட்டினாலும் திறக்கவில்லை. அந்தக் கடைசிப் பாட்டைப் பதியும்போது ஃபத்தூமா யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தாள். பாடிக்கொண்டிருக்கிறவளே ஒரு நோட்டை எடுத்துக் கத்தூரின் கையில் திணித்து, அம்மா பெயருக்கு ஒரு சலாம் கூவச் சொன்னாள். வீட்டு வாசல்தான் சாத்தியிருக்கிறது, பாட்டுத் தட்டு எப்படியும் உள்ளே போய்விடும் என்று அவள் கணக்கு. தட்டு போயிற்று. சலாம் போகவில்லை.

சாவு வீட்டின் நாற்பதாம் நாளிலேயே கத்தூர் இதை ஹஜ்ஜிம்மாவிடம் சொல்லியிருந்தார். தட்டு வந்ததும் அந்த அம்மாள் பக்கத்து வீட்டில் கொடுத்துப் போடச் சொல்லி, முழுவதும் காத்திருந்து கேட்டார். மேளந்தான் கேட்டது. மறுநாள் கத்தூர் வாசலுக்கு வந்தபோது கதவைப் பாதிதான் திறந்தார்.

"எம்பேரு எங்க? எம்மவ என்ன நெனைக்கவே இல்ல. நீ எம் மனசத் தேத்துறதுக்குப் புளுகிட்டுப் போயிருக்க. நோட்டு குடுத்தா கழுதைக்கும் சலாம் வைக்கிறவந்தானே நீ!"

கத்தூர் வந்த வழியே திரும்பினார். மஸ்காரா பக்கம் ஒரு கல்யாணத்தில் அவர் கழுதைக்கு சலாம் வைத்தது நிஜம். காசுக்குக் கூவுகிறவன் சும்மா சொல்லும் சொல்லுக்கு யார் மதிப்புத் தருவார்கள்? ஃபெத்தியிடம் போய் அசல் பதிவைக் கேட்டார். அழித்துவிட்டோம் என்று பல்லைக் காட்டினார் அந்த மனிதர். மகள் தன்னை நினைக்காமலே செத்துப்போனாள் என்று ஒரு தாய் பன்னிரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். இந்தப் பிள்ளைகள் அந்த ஓட்டையைப் பார்த்துக் கவிதை எழுதுகிறார்கள். இதைக் கேட்டுக் கோபம் வராதவன் மனுஷனா?

சென்ற மாதம் தொகுப்பை மறுபடி வெளியிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தொழுகைக்குப் பிறகு, அரங்கில் எல்லோரும் கூடிக் கேட்பதாக ஏற்பாடு. ஹஜ்ஜிம்மாவைக் காரில் அழைத்துவந்து முதல் வரிசையில் உட்காரவைத்து மாலை போடாத குறைதான். கத்தூரைக் கதவருகே அனீஸ் மடக்கினான்.

"சித்தப்பா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும். உங்க காலப் புடிக்கிறேன்."

கத்தூர் தலையாட்டினார். கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றார். பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. கூவல் அறுபட்ட இடங்கள் வரும்போதெல்லாம் அவர் தாடை மட்டும் அசைந்தது. கடைசிப் பாட்டு வந்தது. பாட்டு நின்று மேளம் தனித்தபோது, சொல்லிவைத்தாற்போல் அரங்கமே எழுந்து, நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தது. ஹஜ்ஜிம்மா மட்டும் எழவில்லை. அவருக்கு அந்த இடம் வேண்டாத இடம், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கத்தூர் துண்டைக் கழற்றினார்.

"ஃபத்தூமாவோட சலாம்! அவளப் பெத்த ஸுலைகாவுக்கு! கதவத் தொறம்மா, உம்மவ வாசல்ல நிக்கிறா! கோவத்த நாளைக்கு வச்சுக்கலாம், இன்னைக்கு மூஞ்சியக் காட்டும்மா!"

மைக் இல்லாமலே சுவர் அதிர்ந்தது. 'உஷ்' என்றார்கள். யாரோ அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கடைசிச் சொல்லை முடித்த அதே நொடியில், சரியாக அந்த மூச்சில், ஒலிபெருக்கியிலிருந்து ஃபத்தூமா தழுதழுத்துச் சொன்னாள்: "ஆமா, ஆமா."

பிறகு பாட்டு தொடர்ந்தது. தோளைப் பிடித்த கை தானாக விலகியது. அனீஸ் மேடையில் வாயைத் திறந்தபடி நின்றான்.

ஹஜ்ஜிம்மா ஸுலைகா நாற்காலியின் கையைப் பற்றி எழுந்தார். ஆண்களும் பெண்களும் நிறைந்த அந்த அரங்கில், சட்டைக் கழுத்துக்குள் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு நோட்டை வெளியே எடுத்தார். அதைப் பிரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் நின்ற கத்தூரைப் பார்த்து ஆட்டினார்.