கருடன் போன பக்கம்

ஐப்பசி மழை சற்றே மூச்சு வாங்கிய ஒரு மத்தியானம். மயிலாப்பூரிலிருந்து நடந்தே போய், அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், ஈர மணலில் பதுங்கிக் கிடந்தோம்: அப்பா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. எதிரே சேற்றுத் திட்டில் பூநாரைகள். ஒற்றைக் காலில் தூக்கம். விழித்ததும் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றைச் சலித்துத் தின்னும் என்று அப்பா சொல்லியிருந்தார். தலைகீழாகத் தின்பது! எனக்கு அதைப் பார்த்தே ஆகவேண்டும். ஆபீஸ் துரையிடம் கெஞ்சி வாங்கிய பைனாகுலரோ அன்று ஒருநாளைக்குத்தான். அசையக்கூடாது, பேசக்கூடாது, தும்மல் வந்தால் விழுங்க வேண்டும்.

அத்தைக்கு இதெல்லாம் யார் சொல்வது?

அவள் வந்தது கருடனுக்காக. ரங்கூனுக்குக் கப்பலேறிய அவள் புருஷன், எங்கள் அத்திம்பேரைப் பற்றி மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. கருடன் வலப்பக்கமாகப் போனால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று மனசுக்குள் முடிந்துவைத்திருந்தாள். குப்பத்து மீன் வாடைக்கு வானமெல்லாம் கருடன். ஒன்றாவது ஒழுங்காகப் போக வேண்டுமே! எல்லாம் இடப்பக்கம், காற்று தள்ளுகிற பக்கம். ஒவ்வொன்றுக்கும் அத்தை எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பட் பட்டென்று. ஒவ்வொரு பட்டுக்கும் ஒரு பூநாரை கழுத்தை உருவி முறைத்தது.

"உக்காரேன்டி, தாயே! பட்சி கலைஞ்சுடும்."

"உங்க பட்சி நாளைக்கும் வரும்ண்ணா. இதோ பாருங்கோ... ஐயோ, இதுவும் இடது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கோயேன் அத்தை. இடது வலதாயிடும்."

"சுவாமியை ஏமாத்தறதாடி?" என்றாள். முகம் கோணியது. பிறகு பட்டும் இல்லை, பேச்சும் இல்லை. கூப்பிய கையோடு வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மௌனத்தில்தான் ஒரு பூநாரை விழித்து, கழுத்தை மெல்லத் தாழ்த்தியது.

"அப்பா, தின்னப் போறது!" என்று திரும்பினேன். அப்பா பக்கத்தில் இல்லை. பின்னால் வலை உதறிக்கொண்டிருந்த மீன்காரியின் கூடைக்குள் கைவிட்டிருந்தார். மீன் என்ற சொல்லையே கூசிக்கொண்டு சொல்கிற வீடு எங்களுடையது. வாலைப் பிடித்து ஒன்றைத் தூக்கி, வலப்பக்கமாக, ஆற்றின்மேல் வீசி எறிந்தார்.

"இன்னா சாமி, மீனு மேலயே கை வெச்சிட்ட!" என்று அவள் சிரித்தாள். அப்பா உதட்டில் விரல் வைத்தார்.

கருடன் சரிந்தது. இடமிருந்து வலமாக, அத்தையின் முகத்துக்கு நேரே, செம்மண் நிறத்தில் ஒரு கோடு. பின்னாலேயே இன்னும் நாலைந்து, ஒரே இரைச்சல். பூநாரைகள் மொத்தமாக எழும்பிப் போயின. மிஞ்சியது வெறும் சேறு.

"அண்ணா, பாத்தேளா? பாத்தேளா?"

"பாத்தேன்டி. வலதுதான்," என்றார் அப்பா, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

வீடுவரை நான் பத்தடி முன்னாலேயே நடந்தேன். அன்று இரவு, மாதக்கணக்கில் சோற்றைக் கொறித்துக்கொண்டிருந்த அத்தை, ரசத்துக்கு இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்று அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூநாரை தின்பதைப் பார்க்கவிடாதவர், இதைப் போய் என்ன பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.