குப்பத்துக்கு ஒரு பங்கு

“வைஃபை கோடு எல்லாம் நெறைஞ்சி நின்னுச்சு. போன்ல சார்ஜும் இருந்துச்சு. அப்புறம் ஏன் அவரு கூப்பிட்டது வந்து சேரல? நீ பன்னெண்டாவது வரிக்கும் படிச்சிகீறியே, சொல்லேன்.”

எங்கள் தெருவில் இருக்கும் யோகேஸ்வரி அக்கா என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மழை, டவர், பழைய போன் என்று எதையோ உளறினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பதில் தெரிந்த ஒரே ஆள் அவருடைய அண்ணன் சரவணகுமார். அவர் அப்போது உண்மையைச் சொல்லவில்லை. பிறகு அவர் சொல்லித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருவிடந்தைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவர் சரவணகுமார். மீன்பிடிக் குடும்பம். ஆனால் கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. படகு அலையைத் தாண்டுவதற்குள் குடலைப் பிரட்டிக்கொண்டு வரும். சில தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு அவருடைய அப்பா விட்டுவிட்டார். சரவணகுமார் கேபிள் டிவிக்காரரிடம் ஒயர் இழுக்கப் போனார். பிறகு கேமரா மாட்டினார், இணைய இணைப்புப் போட்டார். குப்பத்துக்குப் பக்கத்தில் ரிசார்ட் ஒன்று எழும்பியபோது அங்கே நெட்வொர்க் பார்க்கும் ஆளாகச் சேர்ந்தார். ரிசார்ட்டின் பெயர் தைத்த சட்டை கொடுத்தார்கள். குப்பத்தில் அப்படியொரு சட்டை அவரிடம் மட்டும்தான் இருந்தது. அதை வேறு யாரையும் துவைக்க விடமாட்டார்.

தன் கூட்டாளி கங்காதரனுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கங்காதரனுக்குச் சென்னைக் காசிமேட்டு விசைப்படகில் வேலை. கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் ஆகும். ஏதாவது கரைப்பக்கம் படகு வரும்போது போன் செய்வார். அந்தப் போனுக்காகத்தான் யோகேஸ்வரி அக்கா காத்துக்கொண்டிருப்பார்.

ரிசார்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். கடலைப் பார்த்து உட்கார்ந்து லேப்டாப்பில் மீட்டிங் பேசுவார்கள். நெட் கொஞ்சம் நின்றால் போதும், மேலாளர் ஜானகிராமனிடம் வந்து நிற்பார்கள். அதனால் அவர் இரண்டு இணைப்புகள் வாங்கியிருந்தார். ஒன்று மண்ணுக்கடியில் வரும் ஃபைபர். இன்னொன்று மொட்டை மாடியில் வைத்த டிஷ். அது கோவளம் பக்கத்துக் கோபுரத்திலிருந்து காற்று வழியாகவே இணையத்தை வாங்கும். இரண்டும் ஃபயர்வால் ரௌட்டர் என்ற கறுப்புப் பெட்டியில் வந்து சேரும். யாரை எந்த லைனில் அனுப்புவது, எதில் எவ்வளவு விடுவது என்று அதில் சொல்லிவைக்க வேண்டும். ஒரு லைன் செத்துப்போனால் பெட்டியே அதைக் கண்டுபிடித்து எல்லோரையும் மற்ற லைனுக்குத் திருப்பிவிடும்.

சரவணகுமாருக்கு இது பங்கு பிரிப்பது மாதிரிதான் புரிந்தது. பிடித்த மீனில் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறோமே, அப்படி. ஃபைபருக்கு மூன்று பங்கு, டிஷ்ஷுக்கு ஒரு பங்கு என்று வைத்தார்.

குப்பத்தில் மொபைல் சிக்னல் எப்போதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். டிஷ் லைனோ பெரும்பாலான நேரம் சும்மா கிடந்தது. சரவணகுமார் ஜானகிராமனிடம் கேட்டுப் பார்த்தார். அவர் சரி என்றதும் காம்பவுண்டுச் சுவரில் ஒரு வைஃபை கருவியைக் குப்பத்தைப் பார்த்தபடி மாட்டினார். அதற்குப் பெயரும் ‘குப்பம்’ என்றே வைத்தார்.

“எங்களுக்கு எத்தினி பங்குடா மச்சான்?” என்று கேட்டார் கங்காதரன்.

“டிஷ் லைன்ல பெரும்பங்கு உங்களுக்குத்தான்.”

“பார்றா. போட்டுல ஏறினா கொடலைக் கக்கறவன் ஊருக்கே பங்கு பிரிக்கிறான்.”

“நீ மட்டும் இன்னாவாம். பாஸ்வேர்டு போட என் தங்கச்சிகிட்ட போனை நீட்டற ஆளுதானே.”

“எனக்கு அவ நம்பரு மனப்பாடம். அதுக்கு மேல இன்னா வேணும்?” என்று சிரித்தார் கங்காதரன்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகப் போயிற்று. ஒரு சாயங்காலம் டிஷ் லைன் நின்றுவிட்டது. பெட்டி, தான் செய்ய வேண்டியதைச் செய்தது. குப்பத்து ஆட்கள் எல்லோரையும் ஃபைபரில் ஏற்றிவிட்டது. அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச். தெருவே போனில் பார்த்துக்கொண்டிருந்தது. ரிசார்ட்டில் மீட்டிங் பேசிய ஒருவருக்குப் படம் உறைந்து உறைந்து நின்றது. அவர் ஜானகிராமனிடம் கத்திவிட்டுப் போனார்.

ஜானகிராமன் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தாதவர். “சரவணகுமார், உங்க ஊருக்குக் கொடுக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா கெஸ்ட் வந்து என் முன்னாடி நிக்கக் கூடாது. பார்த்துக்கோங்க” என்று மட்டும் சொன்னார்.

சரவணகுமார் பயந்துவிட்டார். வைஃபையைக் கழற்றச் சொல்லிவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. வேலையே போய்விட்டால் அந்தச் சட்டையும் போய்விடும். அன்றைக்கே அவர் பெட்டியில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். ‘குப்பம்’ வைஃபையில் வருகிறவர்கள் டிஷ் லைனில் மட்டுமே போக வேண்டும். அந்த லைன் செத்தால் மற்றதற்குத் திருப்பிவிடச் சொல்லும் டிக் குறியை எடுத்துவிட்டார். ரிசார்ட் ஆட்களுக்கு அந்த டிக் அப்படியே இருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. கடலில் இருந்த விசைப்படகுகள் கிடைத்த துறைமுகத்தில் ஒதுங்கின. குப்பத்தில் கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிட்டது. ரிசார்ட்டில் மட்டும் ஜெனரேட்டர் ஓடியது. சரவணகுமார் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சுவருக்கு மேலாகத் தொங்கவிட்டார். பெண்கள் சுவரோரம் தார்ப்பாய் கட்டி, போன்களைச் சார்ஜில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடலுக்குப் போன ஆட்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் கால் வரும் என்று நம்பினார்கள்.

“டேய் சரவணா, உன் வைஃபை கீதாடா?” என்று கேட்டார் மீன் விற்கும் அமிர்தவல்லி.

“கீது பெரிம்மா. கோடு பாரு.”

“கோடு நெறையத்தான் கீது. என் புள்ளையத்தான் காணோம்.”

“வருவான் பெரிம்மா. கரை ஏறிட்டு நாஸ்தா துன்னுகினு இருப்பான்.”

சரவணகுமார் தன் போனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஆனால் அது ரிசார்ட் வைஃபையில் இருந்த போன். மொட்டை மாடியில் காற்று டிஷ்ஷை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தது. பெட்டி அதை எப்போதோ கண்டுபிடித்து, ரிசார்ட் ஆட்களை எல்லாம் ஃபைபருக்கு மாற்றியிருந்தது. அவர்கள் பாட்டுக்குப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. சரவணகுமாருக்கோ மரம் விழுந்த இடம், வரவேற்பறைக்குள் புகுந்த தண்ணீர், டீசல் என்று வேலைக்கு மேல் வேலை. பெட்டியின் நிலையைக் காட்டும் திரைப் பக்கத்தை அவர் திறந்தே பார்க்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் யோகேஸ்வரி அக்கா ரிசார்ட் கேட்டுக்கு வந்தார். முந்தானையில் போனை மூடிப் பிடித்திருந்தார்.

“அண்ணா, காலைலேர்ந்து ஒருத்தருக்கும் ஒரு கால் வரல. எனக்கு வரல, சரி. அது எப்டி ஒருத்தருக்குமே வராம போவும்?”

சரவணகுமார் அந்தப் போனை வாங்கி ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோடுகள் நிறைந்து நின்றன. போனைத் தங்கை கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். பெட்டியின் பக்கத்தில் டிஷ் லைன் சிவப்பாக இருந்தது. குப்பத்து வைஃபைக்கு வேறு வழி இல்லை. எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டார்.

சுவருக்கு வெளியே அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட ஆரம்பித்தன. அவர் இருந்த அறை வரைக்கும் கேட்டது. “உசுரோட கீறியாடா பாவி” என்று அமிர்தவல்லி அழுவதும் கேட்டது. சிரிப்பும் அழுகையுமாக இருந்த அந்த இடத்துக்கு அவர் ஓடி வந்தபோது, யோகேஸ்வரி அக்கா யாருடையது என்று தெரியாத ஒரு நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரே நம்பரிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். ஸ்பீக்கரில் போட்டு அதைக் கூப்பிட்டார்.

“அக்கா, நான் காசிநாதன். கங்காதரன் அண்ணாத்த கூட போட்டுல கீறவன். காலைலேர்ந்து உனக்கு அடிச்சிகினே கீறேன்.”

“அவரு எங்க?”

“வலை இழுக்கற வின்ச்சு கயித்துல வலது கை மாட்டிகிச்சு அக்கா. அவரு போனும் தண்ணில போச்சு. உன் நம்பரு ஒண்ணுதான் அவருக்குத் தெரிஞ்சுது. இங்க ஆந்திரால ஒரு ஆஸ்பத்திரில கீறோம். கையை இங்கியே எடுத்துடறதா, ஆம்புலன்ஸ்ல மெட்ராஸுக்குத் தூக்கினு போறதான்னு டாக்டர் கேட்டாரு. அங்க போனா கை தங்கலாம். ஆனா மழைல வழில இன்னா ஆவும்னு சொல்ல முடியாதுன்னாரு. யோகுவக் கேட்டுச் சொல்றேன், யோகுவக் கேட்டுச் சொல்றேன்னு அண்ணாத்த சொல்லிகினே இருந்தாரு.”

“அப்புறம்?”

“மத்தியானம் வரிக்கும் பாத்தாங்க. அதுக்கு மேல வச்சிகினு இருந்தா உசுருக்கே ஆபத்துன்னுட்டாங்க. எடுத்துட்டாங்க அக்கா.”

யோகேஸ்வரி அக்கா போனைப் பார்த்தபடியே நின்றார். சுற்றியிருந்தவர்கள் தங்கள் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள். சரவணகுமார் அவர் தோளைத் தொடக் கையை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

கங்காதரன் ஊர் திரும்பினார். முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. பார்க்க வந்தவர்களிடம் “பங்குல பாதியக் கடலுக்குக் குடுத்துட்டேன்” என்று சிரிக்கப் பார்ப்பார். அவர்கள் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். யோகேஸ்வரி அக்கா என்னிடம் கேட்ட அதே கேள்வியை எல்லோரிடமும் கேட்டார். அண்ணனிடமும் கேட்டார். “டவர் பேஜாரும்மா. பொட்டிய ஆஃப் பண்ணிப் போட்டதும் வந்துடுச்சு” என்றார் அவர். அக்கா நம்பினார்.

சென்னைக்கு வந்திருந்தாலும் கை தங்கியிருக்குமா? யாருக்கும் தெரியாது. சாலையெல்லாம் தண்ணீர் நின்ற நாள் அது. உயிரே போயிருக்கலாம். சரவணகுமார் இதைத் தனக்குத் தானே பலமுறை சொல்லிப் பார்த்தார். ஆனால் எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவள் தங்கை. அவளுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. சோறு இறங்காமல் இளைத்துப்போனார். சட்டை தொளதொள என்று தொங்கியது.

கடைசியில் ஒரு காலை, மீன் ஏலம் முடிந்து வெறிச்சென்று கிடந்த கொட்டகையில் கங்காதரன் தனியாக உட்கார்ந்திருந்தபோது, சரவணகுமார் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கங்காதரன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அந்த டிக்க உன் மேனேஜர் எடுக்கச் சொன்னாரா?”

“இல்ல.”

“அப்போ யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல மச்சான். பயந்துகினு நானே எடுத்தேன்.”

“நான் அங்க படுத்துகினு இன்னா நெனச்சேன் தெரியுமா? போவும்போது அவகிட்ட சண்ட போட்டுட்டுப் போனேன். அந்தக் கோவத்துலதான் அவ போன எடுக்கலன்னு நெனச்சேன்.”

கங்காதரன் எழுந்தார். லுங்கி அவிழ்ந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் போராடினார்.

“இத்தக் கட்டு” என்றார்.

சரவணகுமார் குனிந்து கட்டிவிட்டார்.

“யோகுகிட்ட நீயே போய்ச் சொல்லு. என் வாயால சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கங்காதரன் கடல் பக்கமாக நடந்தார்.

சொன்னார். யோகேஸ்வரி அக்கா அழவில்லை, திட்டவுமில்லை. போனை அண்ணனிடம் நீட்டி, “உன் வைஃபைய இதுலேர்ந்து எடுத்துடு” என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் அண்ணனோடு பேசவில்லை. சரவணகுமார் அதே ரிசார்ட்டில்தான் வேலை செய்கிறார். அந்த டிக் இப்போது இருக்கிறது. சுவரில் வைஃபையும் இருக்கிறது. ஆனால் சிக்னலுக்காக யோகேஸ்வரி அக்கா மேட்டுச் சாலை வரைக்கும் நடந்துபோய் நிற்கிறார்.

இதை எழுதலாமா என்று சரவணகுமார் அண்ணனிடம் கேட்டேன். “பேரோடயே எழுது” என்றார். அதனால் படிக்கிற உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், இதை உங்களோடு நிறுத்திவிடாதீர்கள். போனில் கோடு நிறைந்திருந்தால், பக்கத்தில் இருக்கும் கருவி வரைக்கும் வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதற்கு அப்பால் என்ன ஆயிற்று என்று அந்தக் கோடு சொல்லாது. புயல் நாளில் சும்மா காத்திருக்க வேண்டாம், போனில் ஏதாவது ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பெட்டிகளை அமைக்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், லைன் செத்தால் வழியில்லாமல் நிற்கப்போகிறவர் யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் குழுவில் இதைப் போடுங்கள். போன் இல்லாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள்.