ஹங்கேரிக்குப் போன கட்டைவிரல்

போன ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் போயிருந்தேன். ராஜமாணிக்கம் அண்ணன் ஆபரேஷனில் இறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. காரியத்துக்குப் போகாத குற்ற உணர்ச்சி எனக்கு. போய் உட்கார்ந்ததுமே அவர் மனைவி தனம் அண்ணி, அண்ணனுடைய செல்போனை என் கையில் கொடுத்தார்.

"இத இன்னான்னு பாருங்க தம்பி. அந்த ஹங்கேரிக்காரரு வாரா வாரம் அனுப்பிக்கினே இருக்காரு."

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று ஏக்கர் கரும்பு. படிப்பு பத்தாவது. எங்கேயோ கிடைத்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே எஸ்பெராண்டோ கற்றவர்.

எஸ்பெராண்டோவா... அது என்ன? நூறு வருஷத்துக்கும் முன்னால் போலந்தில் ஒரு கண் டாக்டர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அதனால் அதைப் பேசுகிற இருவரில் யாரும் ஒசத்தி இல்லை, யாரும் மட்டம் இல்லை. இலக்கணமும் சுலபம். உலகத்துக்கே பொதுவாக இருக்கட்டும் என்று செய்தார்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், எனக்குத் தெரிந்து, ஒருவருக்குத்தான் அது தெரியும். நாற்பது வயதில் நானும் அண்ணனிடம் மூன்று நாள் பாடம் கேட்டேன். "இங்கிலீஷே தகராறு... இது எதுக்குண்ணே?" என்று கிண்டலடித்துவிட்டு நின்றுவிட்டேன். அண்ணன் சிரித்தார். அப்புறம் கூப்பிடவே இல்லை.

அவருக்குப் பேச்சுத்துணை ஹங்கேரியில் கிடைத்தது. லாஸ்லோ - ரிட்டயர்டு ரயில்வேக்காரர். முதலில் கடிதம், பிறகு செல்போன் என்று இருபது வருஷ சிநேகம்.

மெசேஜ்களை மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டுப் படித்தேன். 'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?' - பதிலாக ஒரு கட்டைவிரல் படம். 'வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?' - கட்டைவிரல். 'மழை உண்டா?' - கட்டைவிரல். 'அடுத்த மாதம் உங்கள் ஊருக்கு வருகிறேன். டிக்கெட் போட்டுவிட்டேன்' - அதற்கும் கட்டைவிரல்!

தூக்கிவாரிப்போட்டது. "அண்ணி, இதெல்லாம் யாரு போட்டது?"

"நாந்தான். ஒரு மனுசன் விசாரிக்கிறாரு, பதில் சொல்லாம வுட்டா வூட்டுக்கு மரியாதையா? எனக்கு அதத்தான் அமுக்கத் தெரியும்."

அவர் டிக்கெட் போட்டுவிட்ட விஷயத்தைச் சொன்னேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ... சாவு சொல்ல ஊரு ஊருக்கு ஆள் அனுப்புனோமே! இவருக்குச் சொல்லலியே. வயசான மனுசன், ஒங்கண்ணன் உசுரோட இருக்காருன்னு நம்பிக்கினு வருவாரே. இப்பவே எழுதுங்க தம்பி."

நாலே வரி. தமிழில் எழுதினேன், ஆப் மாற்றிக் கொடுத்தது. அனுப்பினேன். ஆளை அனுப்பிச் சொல்ல வேண்டிய சாவை இப்படியா சொல்வது?

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அண்ணிக்குச் சத்தமாக வாசித்தேன்.

'எனக்குத் தெரியும். இருபது வருஷத்தில் அவர் ஒரு வார்த்தைகூட எழுதாமல் பதில் அனுப்பியதே இல்லை. முதல் கட்டைவிரல் வந்த அன்றே அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் உடம்பைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் யாரோ எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்களைப் பார்க்கத்தான் வருகிறேன்.'

கடைசி வரியை முடிக்க முடியாமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வரச் சொல்லுங்க தம்பி. இன்னா சாப்புடுவாருன்னு மட்டும் கேட்டுக்கோங்க."